புதுசா வந்த பிசியோவை நோயாளிகிட்ட தனியா விடலாமா? எதைப் பார்த்து முடிவு பண்றீங்க?

பகுதி: தருமபுரி – கிருஷ்ணகிரி பிசியோ வட்டம் › பயிற்சி, மதிப்பீடு

#1 தகடூர்_பிசியோ

எல்லாருக்கும் வணக்கம். இன்டர்ன்ஷிப்புக்கு வர்ற பிள்ளைங்களுக்கும், பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடிச்சு முதல் வேலைக்குச் சேர்றவங்களுக்கும் பொதுவா ஒரு மதிப்பீட்டுப் படிவம் போடணும். இப்ப பல இடத்துல நடக்குறது மூணே விஷயம்: வருகைப் பதிவு, லாக்புக்ல கையெழுத்து, கடைசி வாரம் ஒரு வைவா (வாய்மொழித் தேர்வு).

வைவால "ஃப்ரோசன் ஷோல்டருக்கு எத்தனை கட்டம்"னு கேட்டா கடகடன்னு ஒப்பிச்சிடுறாங்க. அதே ஆள்கிட்ட மூட்டு எவ்வளவு அசையுதுன்னு அளக்குற கோனியோமீட்டரைக் கொடுத்துப் பாருங்க. நோயாளி கையைத் தூக்குறப்ப தோள்பட்டை எலும்பும் கூடவே மேல ஏறுது, உடம்பு பின்னால சாயுது. ரெண்டையும் பிடிக்காம 120 டிகிரின்னு எழுதுறாங்க. நிஜத்துல அந்த மூட்டு அசைஞ்சது 80 கூட இருக்காது.

எனக்கு வேண்டியது: எதைப் பார்க்கணும், எத்தனை தடவை, யார் மார்க் போடணும், எந்த இடத்துல "இவரைத் தனியா விட முடியாது"ன்னு நிறுத்தணும். அனுபவசாலிகள் சொல்லுங்க.

#2 ஊத்தங்கரை_93

நல்ல கேள்வி. லாக்புக் கையெழுத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: அந்த நோயாளி பக்கத்துல இந்த ஆள் நின்னார். நல்லா செஞ்சாரான்னு அதுல இல்லை. 2021-ல வந்த சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டமே படிப்புக்குக் குறைஞ்சது 3,600 மணி நேரம்னு கேக்குது. மணி நேரத்தை எண்ணலாம், கையை எண்ண முடியாதே.

மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990-ல போட்ட திறமைப் பிரமிடு எல்லாருக்கும் தெரியும்: தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவார், அன்றாட வேலையில செய்வார். வைவா கீழ் ரெண்டு படியோட நின்னுடுது. ஹார்டன் 1975-ல டண்டீயில இருந்து எழுதின ஆஸ்கி, அதாவது மணி அடிக்க அடிக்க ஸ்டேஷன் மாறுற தேர்வு, மூணாவது படி. நீங்க கேக்குற "தனியா விடலாமா" நாலாவது படி. அதுக்கு நோயாளி பக்கத்துல நின்னு பார்க்குறதை விட்டா வேற வழி கிடையாது.

மினி சி.இ.எக்ஸ் முறையைப் பாருங்க. நார்சினி 1995-ல மருத்துவ ரெசிடென்ட்டுகளுக்காகக் கொண்டுவந்தது, பிசியோவுக்கு அப்படியே பொருந்தும். 15 நிமிஷம் வாயைத் திறக்காம பார்க்கணும், 5 நிமிஷம் பேசணும். முழு கேஸும் பார்க்கத் தேவையில்லை, ஒரு துண்டு போதும். இன்னைக்கு விசாரிக்குறது மட்டும், அடுத்த வாரம் கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாத்துறது மட்டும், அதுக்கடுத்து வீட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுக்குறது மட்டும்.

எண்ணிக்கைதான் இதுல உயிர்நாடி. ஒரே ஒரு நீண்ட கேஸை வெச்சு முடிவு பண்ணினா தப்பாகும். முழங்கால் கேஸ்ல அசத்துற ஆள் பக்கவாதக் கேஸ்ல கை எங்க வைக்குறதுன்னு தெரியாம நிப்பார். திறமை ஆளோட மட்டும் ஒட்டினது இல்லை, கேஸோடயும் ஒட்டினது. அதனால 8-லிருந்து 10 தடவை, வேற வேற நோயாளி, குறைஞ்சது மூணு பேர் பார்த்திருக்கணும்.

#3 கெலமங்கலத்தார்

படிக்க நல்லா இருக்கு சார். காலைல 9 மணிக்கு ஓ.பி. திறந்தா 1 மணிக்குள்ள 40 பேர். பிசியோ ரெண்டே பேர். இதுல ஒருத்தர் கையைக் கட்டிட்டு 15 நிமிஷம் வேடிக்கை பார்த்தா வெளிய பெஞ்சுல இருக்குறவங்க நம்மளை என்ன பண்ணுவாங்க? மெடிக்கல் காலேஜ்ல நடக்குற காரியத்தை ரெண்டு ரூம் கிளினிக்ல கொண்டுவந்து திணிக்காதீங்க.

#4 ஊத்தங்கரை_93

@கெலமங்கலத்தார் கணக்குப் போட்டுப் பாருங்கண்ணா. 6 மாச இன்டர்ன்ஷிப், சுமாரா 26 வாரம். 10 தடவை, தடவைக்கு 20 நிமிஷம். மொத்தம் 200 நிமிஷம். ஆறு மாசத்துல ஒரு ஆளுக்கு மூணே கால் மணி நேரம் சொச்சம். கடைசி நாள் வைவாவுக்கு உக்கார்றதே ஆளுக்கு அரை மணி ஆகுது.

அந்த நோயாளியை எப்படியும் யாராவது பார்க்கத்தானே போறீங்க? அவரையே இன்டர்ன் பார்க்கட்டும், நீங்க பக்கத்து கட்டில்ல ஐ.எஃப்.டி. (வலிக்கு வெக்குற கரண்ட் மெஷின்) மாட்டிவிட்டுட்டு அங்கிருந்தே பாருங்க. முதல் 15 நிமிஷம் மட்டும்.

#5 பாலக்கோடு_அக்கா

எண்ணிக்கையை நீங்க பேசி முடிங்க தம்பிங்களா. எதைப் பார்க்கணும்னு யாரும் இன்னும் சொல்லலை. நான் ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கறேன்: பக்கவாத நோயாளியைக் கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாத்துறது. இந்த ஒரு வேலையில ஒரு ஆளோட பாதித் திறமை தெரிஞ்சிடும்.

நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடியே மார்க் ஆரம்பிக்குது. கேஸ் ஷீட்டைப் பார்த்தாரா? பி.பி. எடுத்தாரா? படுத்திருக்கறப்ப ஒண்ணு, உக்கார வெச்சதும் ஒண்ணு, நிக்க வெச்சு மூணு நிமிஷத்துக்குள்ள ஒண்ணு. மேல் எண் 20 இல்லைன்னா கீழ் எண் 10 இறங்கினா அன்னைக்கு நிறுத்தம். யூரின் பை எங்க தொங்குதுன்னு பார்த்தாரா? ட்யூப் கட்டில் கம்பியில மாட்டியிருக்க, ஆளை மட்டும் தூக்குறது அடிக்கடி நடக்குற தப்பு.

அடுத்தது வீல்சேர். நல்ல பக்கமா, கட்டிலுக்கு 30-லிருந்து 45 டிகிரி சாய்வா. ரெண்டு பிரேக்கும் போட்டிருக்கணும். கால் வைக்குற தட்டை மடக்கி ஒதுக்கணும். பத்துல எட்டு பேர் பிரேக் போடுவாங்க, தட்டை மறப்பாங்க. நோயாளி திரும்புறப்ப கணுக்கால் பின்புறம் அந்தத் தகட்டுல உரசும். சர்க்கரை நோயாளின்னா அந்தக் காயம் மாசக்கணக்குல ஆறாது. (பத்துல எட்டுன்னு சொன்னது பேச்சுக்கு, ஆராய்ச்சின்னு எடுத்துட்டுப் போயிடாதீங்க.)

ஆளை விளிம்புக்கு நகர்த்தி உக்கார வெக்கணும். பாதம் முட்டிக்குப் பின்னால போயிருக்கணும், தரையில முழுசா பதிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் "முன்னால குனிங்க"ன்னு சொல்லணும். இதைச் சொல்லாம "எந்திரிங்க எந்திரிங்க"ன்னு மேல இழுத்தா அவர் பின்னாலதான் சாய்வார். அது நோயாளியோட பயம் இல்லை, எடை இன்னும் பாதத்து மேல வரலை, அவ்வளவுதான். விழுந்த (பக்கவாதத்தால செயலிழந்த) பக்கத்து முட்டியைத் தன்னோட முட்டியால முட்டுக்கொடுத்து நிறுத்தணும்.

கை எங்க இருக்குன்னு பாருங்க. இடுப்பு பெல்ட்ல இருந்தா சரி. அக்குள்ல விட்டு, விழுந்த கையைப் பிடிச்சு இழுத்தா நான் அங்கேயே நிறுத்திடுவேன். தசை செத்த தோள்ல மூட்டைப் பிடிச்சு நிறுத்த ஆளே இல்லை. ஒரு இழுப்புல கீழ இறங்கிடும், அப்புறம் ஆறு மாசம் தோள் வலின்னு அந்த மனுஷன் படுத்துற பாடு!

#6 மாங்கனி_மூட்டு

அக்கா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். ஆளை எப்ப எழுப்பணும்ங்கறதையும் கேளுங்க. சீக்கிரம் எழுப்பினா சீக்கிரம் குணமாகும்னு இன்னும் பலர் நினைக்குறாங்க. 2015-ல வந்த அவெர்ட் ஆய்வு, பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள்ள அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வெச்சவங்களுக்கு மூணு மாசத்துல பலன் குறைவாத்தான் இருந்துச்சுன்னு காட்டுச்சு. "முதல் நாள் எவ்வளவு, ஏன்"னு கேட்டா, பதில்ல நோயாளியோட நிலைமை வரணும். புத்தகத்து வரி மட்டும் வந்தா இன்னும் தயாராகலை.

#7 ஓசூர்_ஷிஃப்ட்_பி

பி.பி.டி. முடிச்சா ஓசூர்ல ஸ்டார்ட்டிங் எவ்வளவு தர்றாங்க? சிப்காட் கம்பெனிகள்ல பிசியோ எடுக்குறாங்களாமே?

#8 நெறியாளர்

வேலைவாய்ப்பு இழைக்கு மாத்தியிருக்கேன். இங்க மதிப்பீடு மட்டும்.

#9 தகடூர்_பிசியோ

அக்கா, இது அப்படியே படிவத்துல போகும். அடுத்து அளவுகோல். 10-க்கு மார்க் போடச் சொன்னா எல்லாரும் 7, 8-ன்னு போட்டுட்டுப் போறாங்க. இதை என்ன பண்றது?

#10 ஊத்தங்கரை_93

எண்ணுக்குப் பக்கத்துல வார்த்தை இல்லைன்னா அப்படித்தான் ஆகும். ஆஸ்திரேலியாவுல பிசியோ மாணவர்களுக்கு ஏ.பி.பி.ன்னு ஒரு படிவம் இருக்கு. 20 வரி, ஒவ்வொண்ணுக்கும் 0-லிருந்து 4. அதுல நடு எண்ணான 2-க்கு அர்த்தம் "முதல் நாள் வேலைக்குச் சேர்ற பிசியோவுக்குப் போதுமான அளவு". 2 வாங்கினா பாஸ், கேவலம் இல்லை. நம்ம ஊர்ல 4-க்கு 2-ன்னு போட்டா 50 சதவீதம்னு பிள்ளை அழுவுது, அப்பா போன் பண்றார். அதனால எண்ணையே எடுத்துட்டு வாக்கியம் போடுங்க:

அ. நான் கை வெச்சுத் தடுக்க வேண்டியிருந்துச்சு.
ஆ. நான் வாயால சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்துச்சு.
இ. ரூம்ல இருந்தேன், எதுவும் சொல்லத் தேவைப்படலை.
ஈ. ரூம்ல இல்லாட்டியும் பரவாயில்லை.

நடந்ததை எழுதுறதுதான் இது, எடை போடுறது இல்லை. "திறமை 7"-ன்னு எழுதுறவர்கூட, தான் கை வெச்சுத் தடுத்ததை மறைச்சு "ஈ"-ன்னு எழுதத் தயங்குவார்.

இன்னொரு விஷயம். பேச்சு இனிமையா இருக்குற பிள்ளைக்குக் கைவேலையிலயும் மார்க் கூடும், கூச்ச சுபாவம் உள்ளவங்களுக்கு எல்லாத்துலயும் குறையும். ஒவ்வொரு வரியையும் தனியா மூடிவெச்சுப் போடுங்க. மூணு பேர் மார்க் போடுறீங்கன்னா, ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரே 10 நிமிஷ வீடியோவைப் பார்த்துத் தனித்தனியா போட்டு, பிறகு தாளைத் திருப்பிக் காட்டுங்க. ஒருத்தர் "அ", இன்னொருத்தர் "ஈ"-ன்னு போட்டிருப்பீங்க. அந்தச் சண்டையை முதல்லயே முடிச்சுக்கணும். வீடியோவுக்கு நோயாளிகிட்ட எழுத்துல சம்மதம் வாங்க மறக்காதீங்க.

#11 மாங்கனி_மூட்டு

விசாரிக்குறதை எப்படி மதிப்பிடுறீங்க? அதுலதான் நம்ம மாவட்டத்துப் பிரச்சினை இருக்கு.

நோயாளி "கால் மரத்துப்போச்சு"ன்னு சொல்றார். இன்டர்ன் உடனே உணர்ச்சிக் குறைவுன்னு எழுதுறார். சில பேருக்கு "மரத்துப்போச்சு"ன்னா உணர்வே இல்லை, சில பேருக்கு மதமதன்னு இருக்கு, இன்னும் சிலருக்குக் கால் தூக்க முடியலை. மூணும் மூணு வியாதி. "தொட்டா தெரியுதா? செருப்பு கழண்டா தெரியுதா? சூடு தெரியுதா?"ன்னு கேட்டாத்தான் பிரியும். "ஜவ்வு விலகிருச்சு"ங்கறதும் அப்படித்தான். முதுகுல டிஸ்கையும் ஜவ்வுன்னுதான் சொல்றாங்க, முழங்கால்ல லிகமெண்ட்டையும் மெனிஸ்கஸையும் ஜவ்வுன்னுதான் சொல்றாங்க. அந்த வார்த்தையை அப்படியே கேஸ் ஷீட்ல இறக்கினா மார்க் கிடையாது.

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டுல கன்னடமோ தெலுங்கோ பேசுற நோயாளி நிறைய. மொழி தெரியாதது இன்டர்னோட குற்றம் இல்லை. ஆனா பேத்தியை நடுவுல வெச்சுக்கிட்டு பாட்டிகிட்ட "ஒண்ணுக்கு அடக்க முடியுதா"ன்னு கேக்காம விட்டுட்டா அது குற்றம்தான். முதுகுவலிக் கேஸ்ல ஒண்ணுக்கு போற விதம், உக்கார்ற இடத்துல உணர்வு, ரெண்டு காலும் சேர்ந்து பலம் குறையுதா, இந்த மூணையும் கேட்டே ஆகணும். காச்சல், எடை குறைவு, ராத்திரி வலி கேக்கணும், முதுகெலும்பு டி.பி. இன்னும் ஒழியலை.

#12 பாலக்கோடு_அக்கா

இதை ஒட்டி நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு சொல்லணும். ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு அதிகமான தண்ணியால பல்லும் எலும்பும் கெடுறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டும் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம் உள்ள மாவட்டம். குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏத்த அளவு, வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும்னு இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு இருக்கு, 2013-ல தொடங்கிவெச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடி முப்பது நாப்பது வருஷம் போர் தண்ணி குடிச்சவங்க எலும்புல இறங்கினது இறங்கினதுதான். அவங்க இப்ப 55, 60 வயசுல "கழுத்து இறுக்கம், இடுப்பு மடங்கலை"ன்னு வர்றாங்க.

வெளிய இருந்து படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க இதை ஸ்பாண்டிலோசிஸ்னு (கழுத்தெலும்புத் தேய்மானம்) எழுதி, கழுத்து டிராக்‌ஷன் (இழுவை) போட்டு, கொஞ்சம் துணிச்சல் இருந்தா மேனிபுலேஷனும் (கழுத்தைச் சடக்குன்னு திருப்புறது) செய்வாங்க. இது ஆபத்து. தண்டுவடம் போற குழாய் ஏற்கனவே லிகமெண்ட் தடிச்சு, எலும்பாகி, சுருங்கியிருக்கும். அதுல ஒரு வெட்டு இழுப்பு இழுத்தா கை கால் விழுந்துடலாம்.

மதிப்பீட்டுல இப்படிச் செய்யுங்க. கழுத்து இறுக்கம் உள்ள 60 வயசுக்காரரைக் கொடுங்க. ஆள் கழுத்தைத் தொடுறதுக்கு முன்னாடி என்ன பண்றார்னு பாருங்க. எதிர்பார்க்கறது: பல்லைப் பார்க்கணும், ஊரும் குடிச்ச தண்ணியும் கேக்கணும். முட்டி ரிஃப்ளெக்ஸ் துள்ளுதா, உள்ளங்கால்ல கீறினா கட்டைவிரல் மேல போகுதா, கணுக்கால் உதறுதா, நேர்கோட்டுல அடிமேல் அடி வெச்சு நடக்க முடியுதா. முன்கை எக்ஸ்ரே இருந்தா ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற சவ்வு எலும்பாகியிருக்கான்னு பார்க்கணும். இதுல ரிஃப்ளெக்ஸ் சந்தேகம்னா கை வெக்காம டாக்டருக்குத் திருப்பி அனுப்பணும். அனுப்புனா முழு மார்க். "சிகிச்சையே பண்ணலையே, எப்படி மார்க்?"னு கேக்குற பரிசோதகரை முதல்ல மாத்துங்க.

பல் கறை இல்லைன்னா ஃப்ளோரோசிஸ் இல்லைன்னும் முடிவு பண்ணக் கூடாது. பல்லுல கறை விழுறது சின்ன வயசுல, பல் உருவாகுறப்ப குடிச்ச தண்ணியால. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவங்களுக்குப் பல் பளபளன்னு இருக்கும், எலும்பு இறுகியிருக்கும்.

#13 கெலமங்கலத்தார்

இது நல்ல பாயின்ட் மேடம். ஒத்துக்கறேன்.

என் பங்குக்கு மெஷின் பக்கம் சொல்றேன். நம்ம ஜனத்துக்கு பிசியோன்னாலே "கரண்ட் வெக்குற இடம்". அதனால மெஷின்ல கவனம் இல்லாத ஆளை ஓ.பி.ல விடவே முடியாது. நான் கேக்குறது நாலுதான்.

சூடு வெக்குறதுக்கு முன்னாடி ரெண்டு டெஸ்ட் ட்யூப், ஒண்ணுல வெதுவெதுப்பான தண்ணி, ஒண்ணுல குளிர்ந்த தண்ணி. கண்ணை மூடச் சொல்லி, மாத்தி மாத்தித் தொட்டு எதுன்னு கேக்கணும். "சூடு தெரியுதாங்கய்யா?"ன்னு வாயால கேட்டுட்டு மெழுகு பாத்ல கையை விடச் சொல்ற ஆளை நிறுத்துங்க. மெழுகு 52-லிருந்து 54 டிகிரி செல்சியஸ். சர்க்கரைக்காரருக்கு உணர்வு இல்லாட்டியும் மரியாதைக்கு "தெரியுது"ன்னுதான் சொல்வார்.

ஷார்ட்வேவ், அதாவது ரேடியோ அலையால உள்ள சூடு ஏத்துற மெஷின். 27.12 மெகாஹெர்ட்ஸ். உள்ள பிளேட், ராடு, பேஸ்மேக்கர், கர்ப்பம் கேக்கணும். தொப்பூர் கணவாய் விபத்துக் கேஸ்னா உடம்புல எங்கயாவது கம்பி இருக்கும்னு நினைச்சே ஆரம்பிக்கணும். மரக்கட்டில்தானா, கீழ இரும்பா? டவல் ஈரமா இருக்கா?

அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில மெஷினோட தலையை ஒரே இடத்துல வெச்சுட்டு போன் பார்த்தா அவ்வளவுதான், எலும்புக்கு மேல சுருக்குன்னு வலிக்கும். மெஷின் வேலை செய்யுதான்னு தலை மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்க்கத் தெரியணும்.

நாலாவது: "இவருக்குக் கரண்டே வேண்டாம், பயிற்சி போதும்"னு சொல்லத் தெரியுதா?

#14 அஞ்செட்டி_வழி

வீட்டுக்குப் போறதைப் பத்தி யாரும் பேசலை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் தொடங்கினாங்க. அதுல வீட்டுக்கே போய் பிசியோ செய்யறதும் உண்டு. வார்டுல "ஈ" வாங்குற ஆள் வீட்டுல "ஆ"-வுக்கு இறங்கிடுவார். அதனால வீட்டுக்குன்னு தனி வரி வேணும்.

பார்க்க வேண்டியது: கட்டில் உயரம், நோயாளி உக்கார்ந்தா பாதம் தரையைத் தொடுதா. கயித்துக் கட்டில் நடுவுல குழிஞ்சிருந்தா அதுல இருந்து எந்திரிக்க வெக்குற பயிற்சியே நடக்காது, பலகை போடச் சொல்லணும். வாசப்படி எத்தனை, பிடிக்க என்ன இருக்கு. சாணி மெழுகின தரையில வாக்கர் ரப்பர் எப்படி நிக்குது, கல்லு மண்ணு வாசல்ல எப்படி நிக்குது.

இடுப்பு மூட்டு மாத்தினவர் வீடுன்னா முதல் கேள்வி கக்கூஸ். பின்பக்கமா அறுத்து மூட்டு வெச்சவங்க இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, காலை நடுக்கோட்டைத் தாண்டி உள்ள கொண்டுபோகக் கூடாது, உள்பக்கமா திருப்பவும் கூடாது. குந்தி உக்கார்ற கக்கூஸ்ல இதுல முதல் விதி நிச்சயம் உடையும். "குந்தாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தா பத்தாது. நடுவுல ஓட்டை போட்ட நாற்காலியை மேல வெக்க இடம் இருக்கா, கதவு அகலம் வாக்கருக்குப் பத்துமான்னு பார்த்திருக்கணும்.

கடைசில மதிப்பிட வேண்டியது இன்டர்னை இல்லை, அந்த வீட்டு மருமகளை. "நான் இப்ப சொன்னதை நீங்க செஞ்சு காட்டுங்கம்மா"ன்னு இன்டர்ன் கேக்கணும். அவங்க சரியா செஞ்சா இன்டர்ன் பாஸ். பத்துப் பயிற்சி எழுதின தாளைக் கொடுத்துட்டு வர்றவங்களை விட, மூணு பயிற்சியை அவங்க கையால செய்ய வெச்சவர்தான் மேல். அடுப்பு வேலை, மாட்டு வேலைக்கு நடுவுல பத்து யாரு செய்வா?

#15 மாங்கனி_மூட்டு

குழந்தைங்க கேஸ்ல ஒரு கண்ணி. மாமரத்துல இருந்து விழுந்த பையன், முழங்கை உடைஞ்சு, நாட்டுக் கட்டு கட்டி, எண்ணெய் போட்டு உருவி, ஒன்றரை மாசம் கழிச்சு கை மடங்கலைன்னு வருவான். சீசன்ல நம்ம பக்கம் இது தவறாம வரும்.

அப்பா "நல்லா இழுத்துவிடுங்க சார்"னு சொல்வார். இன்டர்ன் இழுத்தா ஃபெயில். முழங்கையில உடைஞ்ச பிறகு பலவந்தமா இழுக்கறதும் உருவறதும் தசைக்குள்ளயே எலும்பு வளர வெச்சிடும். பையனையே மடக்கி நீட்டச் சொல்லணும், வலிக்கு முன்னாடி நிறுத்தணும், கோனியோமீட்டர் அளவை வாரா வாரம் எழுதணும். விரலை நீட்டினா மணிக்கட்டு மடங்குதான்னும் பார்க்கணும். மணிக்கட்டை மடக்கினாத்தான் விரல் நீளுதுன்னா இறுக்கிக் கட்டினதுல முன்கைத் தசைக்கு ரத்தம் போகாம செத்திருக்கு. அது பிசியோவால மட்டும் தீராது, உடனே ஆர்த்தோவுக்கு.

அப்பாகிட்ட எப்படி மறுக்குறார்னும் பாருங்க. கட்டு போட்டவரைத் திட்ட ஆரம்பிச்சா அந்தக் குடும்பம் நாளைக்கு வராது.

#16 தகடூர்_பிசியோ

இப்ப முக்கியமான கேள்வி. 10 தடவையில 9 நல்லா செஞ்சு, ஒரு தடவை விழுந்த கையைப் பிடிச்சு இழுத்தார்னா? சராசரி எடுத்தா பாஸ்.

#17 பாலக்கோடு_அக்கா

சராசரியே எடுக்கக் கூடாது. பாதுகாப்பு வரிகளைத் தனித் தாளா பிரிச்சிடுங்க. அதுல ஒண்ணு உடைஞ்சாலும் மொத்த மார்க்கால ஈடு கட்ட முடியாது.

#18 கெலமங்கலத்தார்

அப்படின்னா ஒரு நாள் பிரேக் போட மறந்த பிள்ளை ஆறு மாசமும் வீணா? அது அநியாயம். பரிசோதகர் நிக்குறாருன்னு பதட்டத்துலயே பாதி தப்பு நடக்கும். நானே பக்கத்துல யாராவது நின்னா கோனியோமீட்டரைத் தலைகீழா பிடிப்பேன்.

#19 ஊத்தங்கரை_93

ரெண்டு பேர் சொல்றதும் ஒரே படிவத்துல நிக்கும். பாதுகாப்புத் தப்பு நடந்தா ஃபெயில்னு எழுதாதீங்க, "இந்த வேலையில தனியா விடலை"ன்னு எழுதுங்க. அந்த ஒரு வேலைக்கு மட்டும். ரெண்டு வாரத்துல வேற பரிசோதகர், வேற நோயாளி, அதே வேலை. தொடர்ந்து மூணு தடவை "இ" வந்தா பூட்டைத் திறங்க. அதே தப்பு திரும்பவும் வந்தா அது பதட்டம் இல்லை.

முழங்கால் ஓ.பி.க்குத் தனியா விடலாம், பக்கவாத வார்டுக்கு இன்னும் விடலைன்னு ஒரே ஆளுக்கு ரெண்டு பதில் இருக்கலாம். முழு ஆளுக்கும் ஒரே முத்திரை குத்தப் பார்க்குறதாலதான் யாரும் ஃபெயில் போட மாட்டேங்குறாங்க. அந்தத் தயக்கம் பரிசோதகருக்கு இயல்பு. பிள்ளை கண்ணுல தண்ணி வருது, அடுத்த வாரம் கான்வகேஷன், நமக்கு எதுக்கு வம்புன்னு கையெழுத்துப் போட்டுடுறோம். அதனால 3-வது மாச முடிவுல ஒரு தடவை மொத்தத்தையும் பாருங்க. 24-வது வாரத்துல கண்டுபிடிச்சா திருத்த நேரம் இல்லை.

சொல்ற விதமும் இருக்கு. நோயாளி முன்னாடி வேண்டாம், ஆபத்துன்னா மட்டும் நடுவுல கை வைங்க. வெளிய வந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள சொல்லிடுங்க. "இன்னும் தன்னம்பிக்கை வேணும்"னு சொன்னா அந்தப் பிள்ளை நாளைக்கு எதை மாத்தும்? "கோனியோமீட்டர் அச்சு தொடை எலும்போட வெளிப்பக்க முண்டுல இல்லாம முட்டிச்சில்லு மேல இருந்துச்சு, அதனால 10 டிகிரி கூட வந்துச்சு"ன்னு சொன்னா அடுத்த கேஸ்லயே மாத்திடும்.

#20 தகடூர்_பிசியோ

வரைவு போட்டிருக்கேன். ஒரு பக்கத் தாள்.

மேல: தேதி, கேஸ் வகை, பார்த்த துண்டு, இடம் (ஓ.பி. / வார்டு / வீடு), பார்த்தவர்.

பாதுகாப்பு, ஆம் / இல்லை மட்டும்: பி.பி.யும் தேவைன்னா எஸ்.பி.ஓ.2-வும் (ரத்த ஆக்சிஜன் அளவு) எடுத்தார். ஆபத்து அறிகுறி கேட்டார். பிரேக், கால் தட்டு, ட்யூப் பார்த்தார். விழுந்த கையை இழுக்கலை. சூட்டுக்கு முன்னாடி உணர்வு சோதிச்சார். நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தினார்.

வேலை, அ-விலிருந்து ஈ வரை: நோயாளி சொன்ன வார்த்தையைப் பிரிச்சு விசாரிச்சது. அளந்தது. ஏன் இந்தச் சிகிச்சைன்னு சொன்னது. கைவேலை. வாக்கர் உயரம் சரிபார்த்தது. வீட்டாள் செஞ்சு காட்டினது. கேஸ் ஷீட் எழுதினது.

கீழ: அடுத்த தடவை மாத்த வேண்டிய ஒரே ஒரு விஷயம், ஒரு வரியில.

#21 பாலக்கோடு_அக்கா

கேஸ் ஷீட் வரியில "அடுத்த ஷிஃப்ட்காரர் இதைப் படிச்சு சிகிச்சையைத் தொடர முடியுமா"ன்னு கேள்வியாவே போடுங்க தம்பி. "பொறுத்துக்கொண்டார், தொடரவும்"னு தினம் ஒரே வரி எழுதுறவங்க அங்க மாட்டுவாங்க.

#22 அஞ்செட்டி_வழி

வாக்கர் உயரம்னு மொட்டையா போட்டா எப்படி? கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டு ரேகைக்கு நேரா கைப்பிடி, பிடிச்சா முழங்கை 15-லிருந்து 30 டிகிரி மடங்கியிருக்கணும்னு எழுதுங்க. செருப்போடவா, வெறுங்காலோடவான்னும் எழுதணும். ஆஸ்பத்திரில ஷூ போட்டு அளந்துட்டு, வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்குறப்ப ஒரு ஓட்டை மாறிடும்.

#23 தகடூர்_பிசியோ

சேர்த்தாச்சு. வெறுங்கால், வீட்டுத் தரை.